"உனக்கு என்ன ஆசை?" என்று கேளுங்கள்!

"எங்கள் காலத்துக்குப் பிறகு இவன் கதி என்ன?"

அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளையைப் பெற்றவர்களின் ஓயாத கவலை இது. அதற்காகப் பணம் சேர்க்கிறார்கள். வீடு வாங்கி வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால், தானே முடிவு செய்யும் பழக்கத்தை மட்டும் கொடுக்க மறந்துவிடுகிறார்கள்!

எந்தச் சட்டை போடுவது? அம்மா சொல்கிறாள். எப்போது சாப்பிடுவது? பாட்டி சொல்கிறாள். பிள்ளைக்கு இருபது வயது ஆனாலும் இதே கதைதான். காரணம், அன்பு. ஆனால், இந்த அன்பு பிள்ளையை முடக்கிவிடும்.

2016-ம் ஆண்டு சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. அதற்குள் கணக்கும் எழுத்தும் மட்டும் கற்றால் போதுமா? திட்டமிடவும் கற்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் வேமேயரும் அவருடன் உழைத்தவர்களும் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட முறை அது. மாணவன் மூன்று கேள்விகளுக்குத் தானே விடை தேட வேண்டும்.

என் இலக்கு என்ன? என் திட்டம் என்ன? நான் என்ன கற்றுக்கொண்டேன்?

கடைக்குத் தனியாகப் போய்ப் பால் வாங்க ஒரு பையன் ஆசைப்படுகிறான். அதுதான் அவன் இலக்கு. பை எடுப்பது, பணம் எடுப்பது, பால் கேட்பது, மீதிச் சில்லறை வாங்குவது என்று வேலையைப் பிரித்துப் படமாக வரைந்து சுவரில் ஒட்டலாம். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பாதகம் இல்லை. முதலில் கூடவே போங்கள். பிறகு தெருமுனையில் நில்லுங்கள். அப்புறம் வாசலில் நின்றால் போதும்.

சில்லறை வாங்க மறந்தானா? திட்டாதீர்கள். "எதை விட்டுவிட்டாய்? படத்தைப் பார்" என்று கேளுங்கள். அதுதான் மூன்றாவது கேள்வி.

"பஸ் ஓட்டப் போகிறேன்" என்று சொன்னால்? சிரிக்காதீர்கள்! அவனுக்குப் பஸ் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டதே! டிக்கெட் வாங்கவும், சரியான நிறுத்தத்தில் இறங்கவும் கற்றுக்கொடுங்கள். நாலு இடத்துக்குத் தானே போய் வருவான்.

இன்று இரவே தொடங்கலாம். "நாளைக்கு இட்லியா, தோசையா?" என்று கேளுங்கள். அவசரப்படாமல் பதிலுக்குக் காத்திருங்கள். பிள்ளை சொன்னதையே சமையுங்கள்!