1982: மலையகத்து வாக்கும் அதற்குக் கிடைத்த கூலியும்

ஜனாதிபதித் தேர்தல் வந்துவிட்டால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஒரு பழைய பல்லவி ஒலிக்கத் தொடங்கிவிடும்: "நாட்டின் தலைவரைத் தீர்மானிக்கப்போவது மலையகமே." பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ முறை நான் படித்துச் சலித்த வாசகம் இது. தீர்மானித்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் எவரும் மேடையில் சொல்வதில்லை.

முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20இல் நடந்தது. தோட்ட மக்களின் முன்னே இருந்த பிரதான வேட்பாளர்கள் இருவர். ஜே. ஆர். ஜயவர்த்தன, 1948இல் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்த அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தவர். ஹெக்டர் கொப்பேகடுவ, 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, லயங்களில் பட்டினி புகுந்த காலத்தில் காணி அமைச்சராக இருந்தவர். பட்டினி அண்மைய நினைவு. பறிப்பு பழைய நினைவு. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஜே. ஆரின் பக்கம் நின்றது. வாக்குரிமை பெற்றிருந்த தோட்டத் தொழிலாளரில் பலரும் அவ்வழியே சென்றதில் வியப்பில்லை.

ஜே. ஆர். பெற்றது 52.91 சதவீதம். அரைவாசியைத் தாண்டியது ஏறக்குறைய 190,000 வாக்குகளால். ஆகவே மலையக வாக்குக்குப் பெறுமதி இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கூலி எங்கே என்பதே என் கேள்வி.

இரண்டு மாதங்களில், டிசம்பர் 22இல், விளக்கா பானையா என்று கேட்டு ஒரு சர்வசன வாக்கெடுப்பு. விளக்கு வென்றது, 1977இல் தெரிவான நாடாளுமன்றத்துக்கு மேலும் ஆறு ஆண்டுகள் ஆயுள் கிடைத்தது. அந்தச் சபைக்கு மலையகத் தமிழர் தெரிவு செய்து அனுப்பியிருந்தது சௌமியமூர்த்தி தொண்டமான் ஒருவரைத்தான். விகிதாசார முறையில் தம் தொகையைக் கூட்டிக்கொள்ள அவர்கள் 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் 1983 ஜூலையில் நுவரெலியாவிலும் பதுளையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. வாக்களித்தவர், வாக்கே இல்லாதவர் என்று நெருப்பு பிரித்துப் பார்க்கவில்லை.

"தொண்டமான் அமைச்சராக இருந்ததால்தானே குடியுரிமை கிடைத்தது?" என்று சிலர் வாதிடுவர். அவர் அமைச்சரானது 1978இல். 1981இலும் 1983இலும் தோட்ட மக்கள் தாக்கப்பட்டபோதும் அவர் அமைச்சரே. நாடற்றவராய் எஞ்சியிருந்த ஏறக்குறைய 94,000 பேருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 1986இல். அதுவும் அவ்வாண்டு ஜனவரியில் தொழிலாளர் காலை வேளையில் மலைக்குச் செல்லாது பிரார்த்தனையில் அமர்ந்த பிறகு. அழைத்தவர் தொண்டமான்தான், அந்தப் பெருமை அவருக்கு உரியது. ஆனால் அரசாங்கத்தை அசைத்தது அமைச்சர் நாற்காலியல்ல, பறிக்கப்படாமல் நின்ற கொழுந்து.

இந்தப் பாடத்தைப் பின்வந்த தலைவர்கள் வசதியாக மறந்தனர். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற வாக்குறுதி 2019 ஜனாதிபதித் தேர்தலில் முழங்கியது. வர்த்தமானி வெளிவந்தது 2021 மார்ச்சில். அதற்குள் மேடைகளில் ஏறியவர்கள் பதவிகளிலும் ஏறிவிட்டனர்.

ஒரு மனிதரைத் தெரிவு செய்யும் தேர்தலில் வாக்குப் பெட்டி மூடியதும் பேரம் முடிந்துவிடுகிறது. ஆகவே அடுத்த முறை வேட்பாளர் எவரேனும் தலவாக்கலைக்கு மாலை வாங்க வந்தால், லயத்து மக்கள் கேட்க வேண்டியது இரண்டு: காணி உறுதி எந்தத் திகதியில் கைக்கு வரும்? வராவிட்டால் எங்களோடு வேலைநிறுத்தத்தில் உட்காரப்போவது உங்கள் மேடையில் இருக்கும் எந்தத் தலைவர்?