நாயோட்டமும் நாட்டுப்புறத்தார் வாக்கும்

ஓர் ஊரார் தலைமுறை தலைமுறையாக அனுபவித்துவரும் பொழுதுபோக்கொன்று கொடுமையானதென மெய்ப்பிக்கப்படுமாயின், அதனை நிறுத்த வேண்டியவர் யார்? அவ்வூராரா, தலைநகரில் வீற்றிருக்கும் அரசாங்கமா? நிறுத்துவதாயின், ஒரே நாளில் விடுக்கும் அறிக்கையினாலா, மக்களின் சம்மதத்தினாலா? அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே 2016ஆம் ஆண்டில் இக்கேள்விகள் எழுந்தன. நாய்ப்பந்தயம் என்னும் சிறு விடயத்தை முன்னிட்டு எழுந்தவையாயினும், அவை ஓர் அரசாங்கத்தையே ஆட்டங்காணச் செய்துவிட்டன. சிட்னியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி, அம்மாநிலத்தின் வாக்காளராகிவிட்ட எம்மவர் பலராவர். ஆதலின் இஃது எமக்கு முற்றிலும் புறம்பான செய்தியன்று.

நாய்ப்பந்தயத்தைக் கண்டறியாத வாசகருக்காக ஒரு வார்த்தை. கிரேஹவுண்ட் என்பது மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்ட வேட்டைநாய். மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடவல்லது. வளைந்து செல்லும் ஓட்டப்பாதையில் இயந்திரமொன்று பொம்மை முயலை முன்னே இழுத்துச் செல்ல, நாய்கள் அதனைத் துரத்தும். முந்துவது எதுவென்று பார்வையாளர் பணங்கட்டுவர். இம்முறை அமெரிக்காவிலே தோன்றி, 1927இல் சிட்னியை அடைந்தது. பந்தயக் குதிரை வளர்ப்பதற்குச் செல்வம் வேண்டும். நாய் வளர்ப்பதற்குக் கொல்லைப்புறம் போதும். எனவே சுரங்கத் தொழிலாளி, ஆலைத் தொழிலாளி, சிறு கமக்காரன், ஓய்வூதியம் பெறும் முதியவர் ஆகியோரின் பந்தயமாக அது வேரூன்றியது. டப்போ, பாதேர்ஸ்ட் போன்ற உள்நாட்டு ஊர்களில் பந்தய நாள் என்பது அயலவரும் உறவினரும் கூடும் நாளுமாகும்.

இவ்வமைதியை 2015 பெப்ரவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி குலைத்தது. பன்றிக்குட்டிகளையும் முயல்களையும், பொசம் எனப்படும் மரத்தில் வாழும் சிறு விலங்குகளையும் உயிருடன் கட்டி, நாய்கள் கடித்துக் குதறுமாறு விட்டுப் பயிற்சியளிக்கும் காட்சிகளை அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் வெளியிட்டது. சட்டத்தினால் விலக்கப்பட்ட செயல் அது. மக்கள் கொதித்தெழுந்தனர். நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர் மைக்கல் மக்கியூ அவர்களைத் தனி ஆணையாளராக நியமித்து விசாரணை நடாத்துவித்தது.

அவருடைய அறிக்கை 2016 ஜூலை 7ஆந் தேதி வெளியாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளில் அம்மாநிலத்தில் பந்தயத்துக்கெனப் பிறந்த 97,783 நாய்களுள், 48,891 முதல் 68,448 வரையிலானவை, வேகம் போதாதென்றோ பந்தயத்துக்கு உதவாதென்றோ கொல்லப்பட்டிருக்குமென அவ்வறிக்கை கணித்தது. பயிற்றுநருள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வீதத்தினர் உயிர்ப்பிராணிகளைக் கொண்டு பயிற்றுவதில் ஈடுபட்டிருக்கக் கூடுமெனவும் கூறிற்று. இவற்றிலும் பாரதூரமானது மற்றொன்று. பந்தயத்தை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்ற சபையே, ஓட்டப்பாதையில் நாய்களுக்கு நேர்ந்த காயங்களின் உண்மை நிலையைப் பொதுமக்கள் அறியாவண்ணம் குறைத்துக் கூறிவந்தது!

பந்தயத்தின் ஆதரவாளர் கூறும் நியாயங்களையும் நாம் நேர்மையுடன் நோக்கவேண்டும். “ஒருசிலர் செய்த குற்றத்துக்காக எல்லோரையும் தண்டிப்பதா?” என்பது அவர்களின் முதற் கேள்வி. தம் நாய்களைப் பிள்ளைகளைப்போற் பேணுவோர் பலர் அவர்களுள் உளர் என்பதில் ஐயமில்லை. உயிர்ப்பிராணியைக் கட்டிப் பயிற்றியவர் சிலரே எனவும் வைத்துக்கொள்வோம். ஆயின், கொல்லப்பட்ட நாய்களின் கணக்கு ஒருசில கொடியவரின் கைவேலை அன்று. வேகமான நாய் ஒன்றைப் பெறுவதற்குப் பல குட்டிகளைப் பிறப்பிக்க வேண்டியிருக்கிறது. பிறந்தவற்றுட் பல வேகம் போதாதவையாகிவிடுகின்றன. ஓடத்தகுந்தவையும் நாலைந்து வயதுக்குள் ஓய்ந்துவிடுகின்றன. நாயின் ஆயுளோ பன்னிரண்டு ஆண்டுகள் வரையில் நீள்வது. எஞ்சிய ஆண்டுகளுக்குச் சோறிடுபவர் யார்? இக்கேள்விக்குப் பந்தயத்தின் கணக்கேட்டிலே விடையில்லை. நல்லவர் நடாத்தினும் தீயவர் நடாத்தினும் மிஞ்சிய நாய் மிஞ்சிய நாயே. ஆகவே குறை ஆட்களோடு நின்றுவிடுவதன்று, அமைப்பிலேயே உள்ளது.

இரண்டாவது நியாயம் கமக்காரரிடமிருந்து வந்தது. “நாம் ஆடுமாடு வளர்த்து இறைச்சிக்கு விற்கிறோம். இன்று நாயைக் காக்கப் புறப்பட்ட நகரத்தார், நாளை எம் தொழுவத்துக்கும் பூட்டுப் போடமாட்டார் என்பதற்கு என்ன உறுதி?” என்று அவர்கள் வினவினர். இதனை ஏளனமாகத் தள்ளிவிடலாகாது. கமத்தொழிலை நம்பி வாழும் எவரும் இவ்வச்சத்தை உணர்வர். எனினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கமக்காரன் செய்வது ஊரறிந்த தொழில், உணவுக்காக நடப்பது. பந்தயத்திலோ, வேடிக்கைக்கும் பணயத்துக்குமாகப் பிறப்பிக்கப்பட்ட உயிர், வேடிக்கை காட்டத் தவறியமைக்காகவே கொல்லப்பட்டது. அதன் கணக்கும் மறைக்கப்பட்டது. வெளிச்சத்தில் நிற்கக்கூடிய தொழிலுக்கும் இருளை நாடும் தொழிலுக்கும் உள்ள பேதத்தை மண்ணோடு வாழ்பவனுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே அப்பந்தயம் முடிவுக்கு வரவேண்டியது நியாயமே என்பது எமது கருத்து. ஆயின் நியாயமான முடிவை நியாயமான வழியிலே அடைந்தார்களா என்பதே அடுத்த கேள்வி. இங்கேதான் அரசாங்கம் இடறிற்று.

நாய்ப்பந்தயம் சமூகத்தின் அங்கீகாரத்தை இழந்துவிட்டதா, அதனைத் தொடர்ந்து அனுமதிக்கலாமா என்பதைப் பாராளுமன்றம் ஆராயவேண்டும் என்றே ஆணையாளர் கூறியிருந்தார். அனுமதிப்பதாயின் செய்யவேண்டிய சீர்திருத்தங்களையும் அவர் விரிவாக வகுத்துக் கொடுத்திருந்தார். முதலமைச்சர் மைக் பெயர்ட் அந்த ஆராய்வுக்குக் காத்திருக்கவில்லை. அறிக்கை வெளியான அதே நாளில், 2017 ஜூலை 1 முதல் நாய்ப்பந்தயம் தடை செய்யப்படும் என அறிவித்துவிட்டார். ஓராண்டுகூட அவகாசமில்லை. கூடுகளிலும் வேலிகளிலும் சேமிப்பை முதலிட்ட முதியவர் யாதுசெய்வர்? ஆயிரக்கணக்கான நாய்கள் எங்கே செல்லும்? ஊர்களின் ஓட்டப்பாதைகள் என்னாகும்? கேட்டவர்களுக்குத் திருப்தியான விடை கையில் இருக்கவில்லை.

ஆகஸ்ட் மாதத்திற் சட்டம் நிறைவேறியது. எதிர்க்கட்சியான தொழிற்கட்சி அதனை எதிர்த்தது. கூட்டரசாங்கத்திற் பங்காளியாயிருந்த நாஷனல் கட்சி நாட்டுப்புறத்தாரின் கட்சி. அதன் உறுப்பினர் மூவரும் தம் அரசாங்கத்துக்கே எதிராக வாக்களித்தனர். கிராமங்களின் கோபம் நாளுக்குநாள் முற்றியது. ஒக்டோபர் 11ஆந் தேதி, தடையைக் கைவிடுவதாகவும், தாம் தவறிழைத்துவிட்டதாகவும் முதலமைச்சர் பகிரங்கமாகக் கூறினார். ஆயினும் காலம் கடந்துவிட்டது.

சிட்னிக்கு மேற்கே சுமார் 250 கிலோமீற்றர் தூரத்தில், பழத்தோட்டங்கள் சூழ்ந்த ஊர் ஒரேஞ்ச். அத்தொகுதியை நாஷனல் கட்சி 1947 முதல் தன்வசம் வைத்திருந்தது. 2016 நவம்பர் 12இல் அங்கு நடந்த உபதேர்தலில், வேட்டைக்காரர் மீன்பிடிப்போர் கமக்காரர் பெயர் தாங்கிய சிறு கட்சியொன்றின் வேட்பாளர் பிலிப் டொனாட்டோ 50 வாக்குகளால் வெற்றிபெற்றார். உள்ளூராட்சி மன்றங்களைப் பலவந்தமாக இணைக்க முயன்றமையும் அத்தோல்விக்கு ஒரு காரணமே. ஆயின் இரண்டு மனத்தாங்கல்களுக்கும் வேர் ஒன்று: “எம்மைக் கேளாமல் எம் ஊரைப் பற்றி முடிவு செய்கிறார்கள்!” நாஷனல் கட்சியின் தலைவரும் டப்போ தொகுதியின் உறுப்பினருமான ட்ரோய் கிரான்ட் தலைமைப் பதவியைத் துறந்தார். 2017 ஜனவரியில் முதலமைச்சரும் அரசியலினின்றும் விலகினார்.

இதனால் நாய்களுக்கு நேர்ந்தது யாது? தடைக்குப் பதிலாகச் சீர்திருத்தம் வந்தது. முன்னாள் முதலமைச்சர் மொறிஸ் இயம்மா தலைமையிலான குழுவின் ஆலோசனைப்படி, நாய்களின் நலனையும் பந்தயத்தின் நேர்மையையும் கண்காணிக்கும் ஆணையம் 2018 ஜூலையில் அமைக்கப்பட்டது. ஆயின் ஆறாண்டுகள் சென்றபின், 2024இல், பந்தய நிர்வாக அமைப்பின் தலைமை மிருக வைத்தியர் பதவி விலகுகையில் எழுதிவைத்த நீண்ட அறிக்கை வெளிப்பட்டது. நாய்கள் படும் துன்பத்தை அது மீண்டும் எடுத்துரைத்தது. அமைப்பின் நிர்வாகத் தலைவர் பதவி துறந்தார். மறுபடியும் ஒரு விசாரணை! அவசரத் தடை தோற்றமையால், அறவழித் தடை பற்றிப் பேசவும் அரசியல்வாதிகள் அஞ்சும் நிலை உண்டாகிவிட்டது. நல்ல நோக்கத்தைக் கெட்ட முறையால் நிறைவேற்ற முயல்பவர், அந்நோக்கத்துக்கே பகைவராகின்றனர்.

வேறு வழி இல்லையா? உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2018 நவம்பரில் இவ்விடயம் மக்களின் வாக்குக்கே விடப்பட்டது. நூற்றுக்கு 69 வீதத்தினர் பந்தயத்தை முடிக்கும்படி வாக்களித்தனர். 2020ஆம் ஆண்டின் முடிவு வரை இரண்டாண்டு அவகாசமும் அளிக்கப்பட்டது. மக்கள் தாமே விதித்த விதியைத் தலைநகரின் கட்டளையென எவரும் பழிக்க முடியவில்லை. நியூசிலாந்து அரசாங்கம் 2024 டிசம்பரில் நாய்ப்பந்தயத்தை முடிக்கப்போவதாக அறிவித்தபொழுது, இருபது மாத கால அவகாசம் கொடுத்தது. அறிவித்த நாளிலேயே, உரிமையாளர் தம் நாய்களைத் தேவையின்றிக் கொன்றுவிடாதவாறு சட்டமும் இயற்றியது. ஆயத்தமின்மையின் விளைவை மக்காவ் காட்டிற்று. 2018 ஜூலையில் அங்கிருந்த பந்தயத் திடல் மூடப்பட்டபொழுது, ஐந்நூறுக்கு மேற்பட்ட நாய்கள் போக்கிடமின்றி விடப்பட்டன. பிறர் அவற்றுக்கு வீடு தேடவேண்டியதாயிற்று.

இவற்றிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. நாய்ப்பந்தயம் நடாத்தும் எந்த ஊரிலும் முதலிற் செய்யவேண்டியது, பிறந்தவை எத்தனை, ஓடியவை எத்தனை, காயமுற்றவை எத்தனை, இறந்தவை எத்தனை என்னும் கணக்கை ஊரார்முன் வைப்பது. உண்மைக் கணக்கைக் கண்டபின்னும் கண்ணை மூடிக்கொள்ளும் ஊர் அரிது. அடுத்து, புதிய குட்டிகளைப் பிறப்பித்தலை உடனே கட்டுப்படுத்தவேண்டும். பெருக்கத்தைத் தடுத்தாற் கொலை தானே குறையும். மூன்றாவது, இருக்கும் நாய்கள் அனைத்துக்கும் புகலிடமும், சேமிப்பை இழக்கும் எளியவருக்கு நட்டஈடும், எப்பொழுது எவ்வளவு எனத் திட்டமாக அறிவிக்கப்படவேண்டும். இறுதியாக, போதிய கால எல்லை குறித்து, மக்களின் தீர்ப்பைப் பெறவேண்டும்.

இது தாமதத்துக்குச் சாக்கு என்று விலங்கு நலம் நாடுவோர் குறைகூறலாம். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் நாய்கள் இறக்கின்றன என்பது உண்மையே. ஆயின் 2016இல் அவசரப்பட்டதன் பயனாக இழந்தவை மாதங்கள் அல்ல, ஆண்டுகள். பந்தயத்தை நேசிப்போருக்கும் ஒன்று கூறுவோம். “எங்கள் பழக்கம்” என்னும் சொல், கேட்பதற்கு உரிமை தருமேயன்றி, கேள்வி கேளாமல் இருக்க உரிமை தராது. ஊரின் உரிமை என்பது ஊர் தன் மனச்சாட்சியைத் தானே விசாரித்துக்கொள்ளும் உரிமையும் ஆகும்.

நியூ சவுத் வேல்ஸில் வாழும் எம் வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும் தொழிலாளரும் இவ்விவாதம் மீண்டும் எழும்பொழுது நகரத்துப் பார்வையாளராக மட்டும் நின்றுவிடலாகாது. வாயில்லா உயிருக்காகவும் பேசவேண்டும். தூரத்து ஊரிலே தன் சொல் எவர் செவியிலும் ஏறவில்லையென மனம் வெதும்பும் கமக்காரனுக்காகவும் பேசவேண்டும். இவ்விரண்டில் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைக் காக்க முயன்ற அரசாங்கம் இரண்டையுமே இழந்தது. அந்தத் தவறு இன்னுமொருமுறை நிகழாதிருக்குமாக!