எண்மரும் எஞ்சியோரும்

ஒரு கல்லூரி ஓர் ஆண்டில் அடைந்த வெற்றிகளை வரிசைப்படுத்திக் காட்டுதல் எளிது. அவ்வெற்றிகள் எவ்விலை கொடுத்துப் பெறப்பட்டன, அவ்விலையைச் செலுத்தினவர் யாவர் என்று வினவுதல் அத்துணை எளிதன்று. விளையாட்டுச் செய்தியைப் படிப்போருள் பலர் இறுதியிலுள்ள எண்ணைக் கண்டு மகிழ்ந்து ஏட்டை மூடிவிடுகின்றனர். அவ்வழக்கத்தைச் சிறிது ஒதுக்கி வைத்து, அமெரிக்க நாட்டுப் பெண்கள் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்துக் குழு 1971-72-ஆம் ஆண்டில் ஆடிய ஆட்டங்களை நோக்கி, அவற்றினின்று நாம் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பென்சில்வேனியா மாகாணத்தில், பிலடெல்பியா நகருக்கு மேற்கே, இம்மாகுலாட்டா என்னும் சிறு கல்லூரி உள்ளது. கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்று 1920-ல் நிறுவிய அக்கல்லூரியில் நாம் பேசும் காலத்தில் பெண்கள் மட்டுமே பயின்றனர். அதன் விளையாட்டு மண்டபம் 1967-ல் தீக்கு இரையாயிற்று. 1970-ல் கூடைப்பந்து பயிற்றுவிக்க வந்த கேத்தி ரஷ் என்னும் இளம் பெண்மணிக்கு, ஆட்டப் பருவம் முழுவதற்கும் கிடைத்த ஊதியம் 450 டாலரே. ஆட்டக்காரிகள் அணிந்ததோ கம்பளித் துணியில் தைத்த கனத்த அங்கி. ஓடவும் தாவவும் ஏற்ற உடையென்று அதனை எவரும் கூறார்.

இத்தகைய குழு அப்பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில் தோற்றது. அத்தோல்வி சிறியதன்று. வட்டாரப் போட்டியின் இறுதியில், அண்டையிலுள்ள வெஸ்ட் செஸ்டர் அரசினர் கல்லூரி 70-38 என்ற கணக்கில் இவர்களை வீழ்த்தியது. கேத்தி ரஷ் தாம் பயின்று பட்டம் பெற்ற கல்லூரியும் அதுவே. ஆயினும் இல்லினாய் மாகாணத்து நார்மல் என்னும் ஊரில் 1972 மார்ச்சு மாதம் நடந்த தேசியப் போட்டிக்கு இம்மாகுலாட்டாவும் அழைக்கப்பெற்றது. வந்திருந்த 16 குழுக்களில் இதற்குக் கிடைத்த வரிசை எண் 15.

செல்வதற்குப் பொருள் இல்லை. மாணவியர் பல் விளக்கும் பிரஷ்களை விற்றுங்கூடக் காசு சேர்த்தனர். திரட்டிய தொகை குழு முழுவதற்கும் போதவில்லை. ஆட்டக்காரிகளுள் எண்மரே புறப்பட்டனர். மற்றையோர் ஊரிலேயே தங்கினர். புறப்பட்டவர்களும், விமானத்தில் இடம் ஒழிந்திருந்தால் ஏறிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு விற்கப்படும் மலிவுச் சீட்டிலேயே சென்றனர். சென்றவர் சில நாட்களுக்குள் நான்கு ஆட்டங்கள் ஆடினர். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது, சிறிது காலத்திற்கு முன் 32 புள்ளி வேறுபாட்டில் தம்மை வென்ற அதே வெஸ்ட் செஸ்டர். இம்முறை 52-48 என்ற கணக்கில் இம்மாகுலாட்டா வென்றது. பெண்கள் கல்லூரிகளின் விளையாட்டை நடத்த 1971-ல் தோன்றிய சங்கம் கூடைப்பந்தில் அளித்த முதல் தேசியப் பட்டம் இவ்வாறு ஒரு சிறு கன்னியர் கல்லூரியைச் சேர்ந்தது. 1973-லும் 1974-லும் அதே குழு அப்பட்டத்தைக் காத்துக்கொண்டது.

இவ்வரலாறு பின்னர்த் திரைப்படமாகவும் எடுக்கப்பட்டது. இதனைக் கேட்போர் உள்ளம் உருகுதல் இயல்பே. ஆட்டக்காரி ஒருத்தியின் தந்தை தம் இரும்புச் சாமான் கடையிலிருந்து வாளிகளைக் கொண்டுவந்து கொடுக்க, வயது முதிர்ந்த கன்னியாஸ்திரீகள் அவற்றைக் கோலால் தட்டி ஆரவாரித்தனர் என்பதைக் கேட்டுப் புன்முறுவல் பூவாதார் யார்? நாமும் அம்மகிழ்ச்சியில் பங்கு கொள்கிறோம். ஆனால் இக்கதையைச் சொல்வோர் பலர் ஈற்றில் ஒரு நீதியையும் சேர்த்து உரைக்கின்றனர். “இன்மையே இவர்களை உயர்த்தியது, வசதி மிகுந்திருந்தால் இவ்வுறுதி தோன்றியிராது” என்பது அவர்கள் கொள்கை. இதனை நாம் மறுக்கிறோம்.

இன்மை வெற்றி தருமாயின், அந்நாட்டில் அக்காலத்திருந்த பெண்கள் குழுக்கள் யாவும் வென்றிருத்தல் வேண்டும். இன்மை அவற்றுக்குப் பொதுவாய் இருந்தது. இம்மாகுலாட்டாவுக்குச் சிறப்பாய் வாய்த்தவை வேறு: பிலடெல்பியா வட்டாரத்தில் சிறு வயது முதற்கொண்டே பந்தாடிப் பழகிய பெண்கள், ஆட்ட நுட்பம் அறிந்த பயிற்சியாளர், தம் பெண்களின் ஆட்டத்தைத் தமதாகவே கருதி உடன் நின்ற கல்லூரி. இம்மூன்றும் செல்வங்களே. இச்செல்வங்களால் வந்த வெற்றியை வறுமையின் கணக்கில் எழுதுதல் முறையாகாது. மேலும், வறுமையைப் புகழ்வோர் சென்ற எண்மரையே எண்ணுகின்றனர். செல்லாமல் எஞ்சியோரை எண்ணுவாரில்லை. அவர்களும் பருவமெல்லாம் உடன் பயின்று உடன் உழைத்தவர்களே. அவர்களைத் தடுத்தது ஆற்றற் குறைவன்று, பயணச் செலவே.

இந்நிலை எங்ஙனம் வந்தது என்பதையும் நோக்குவோம். கூடைப்பந்தாட்டத்தை ஜேம்ஸ் நெயிஸ்மித் என்பார் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் அமைத்தார். (நம் நாட்டில் இவ்வாட்டத்தைப் பரப்பியதும் அச்சங்கமே, சென்னையில் 1920-ல் ஹாரி குரோ பக் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரியும் அதனைச் சார்ந்ததே.) அடுத்த ஆண்டே அருகிலிருந்த ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்னும் ஆசிரியை அதனைப் பெண்களுக்குக் கற்பித்தார். அவர் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியிலுள்ளவள் மற்றொரு பகுதிக்குள் புகலாகாது என விதித்தார். பிறர் கையிலுள்ள பந்தைப் பறித்தலும் விலக்கப்பட்டது. பெண்கள் ஆடவே கூடாது என்போர் மிகுந்த காலத்தில், அவர்களை ஆடவைக்க அவர் கண்ட வழி அது. அதற்காக அவரைப் போற்றுதல் தகும். ஆனால் காப்பதற்கென இட்ட வேலி, காலம் மாறிய பின்னும் நெடுநாள் நீங்கவில்லை. பெண்கள் ஐவராய் நின்று களம் முழுவதும் ஓடியாடலாம் என்னும் விதி கல்லூரிகளில் முறையாக ஏற்கப்பட்டது 1971-லேதான். நாம் கூறும் பருவம் அதன்பின் தொடங்கியதே.

வேலிக்குள் ஆடியவரேனும் ஆடினர். ஆட்டமே பறிக்கப்பட்டோரும் உண்டு. மிசிசிப்பி மாகாணத்து டெல்டா அரசினர் கல்லூரியில் மார்கரெட் வேடு என்னும் மாணவி கூடைப்பந்துக் குழுவில் சிறந்து விளங்கினார். 1932-ல் அக்கல்லூரி, இவ்வாட்டம் இளம் பெண்களின் உடலுக்கு மிகவும் கடினமானது என்று கூறிக் குழுவையே கலைத்துவிட்டது. அம்மாணவியர் தம் ஆட்ட உடைகளைத் தீயிலிட்டு வருத்தத்தைக் காட்டினர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1973-ல் அக்கல்லூரி மீண்டும் குழு அமைத்தபோது, பயிற்றுவிக்க அழைக்கப்பெற்றவர் அதே மார்கரெட் வேடு. 1975-ல் அவர்தம் குழு ஓர் ஆட்டத்திலும் தோலாது தேசிய இறுதியை அடைந்து, அங்கு இம்மாகுலாட்டாவை 90-81 என்ற கணக்கில் வென்றது. வென்ற குழுவையும் தோற்ற குழுவையும் நாம் ஒருங்கே பாராட்டுகிறோம். ஆயினும் 1932-க்கும் 1973-க்கும் இடையே அக்கல்லூரியிற் பயின்று, பந்தைத் தொடவும் வாய்ப்பின்றிச் சென்ற மாணவியர் எத்துணைபேர்! அவர்கள் பெயர் எந்த ஆட்டக் கணக்கிலும் இல்லை. அவர்களும் எஞ்சியோரே.

இம்மாகுலாட்டா முதற் பட்டம் பெற்ற மூன்று திங்களில், 1972 ஜூன் 23-ஆம் நாள், அமெரிக்க நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. மத்திய அரசின் பொருளுதவி பெறும் கல்வித் திட்டங்களில் ஆண் பெண் என்ற வேற்றுமை பாராட்டலாகாது என்பது அதன் சாரம். ‘ஒன்பதாம் தலைப்பு’ என வழங்கும் அச்சட்டத்தின் மூல வாசகத்தில் விளையாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனினும் அதன் பயன் ஆடுகளத்தையும் எட்டியது.

ஈண்டு ஒரு தடையை நேர்மையோடு எதிர்கொள்ளுதல் வேண்டும். “அச்சட்டத்தின் பின் பெரும் பல்கலைக் கழகங்கள் பொருளோடும் உதவித் தொகையோடும் புகுந்தன, சிறு கல்லூரிகள் பின்தள்ளப்பட்டன, பெண்களே நடத்திய சங்கமும் 1982-ல் தன் போட்டிகளை நிறுத்தியது, ஆகவே நீதி கேட்டதனால் நட்டமே விளைந்தது” என்பர் சிலர். இதில் உண்மை இல்லாமலில்லை. இம்மாகுலாட்டா மீண்டும் அவ்வுயரத்தை அடையவில்லை. 2005 முதல் ஆண்களும் அங்குப் பயில்கின்றனர். ஒரு கல்லூரியின் பெருமை மங்கியது வருத்தத்திற்குரியதே. ஆனால் கன்னியர் தட்டிய வாளியோசை இனிமையானது என்பதற்காக, நாடெங்குமுள்ள பெண்கள் பிரஷ் விற்றே பயணம் செய்க என்று கூறல் ஒக்குமா? சிறு கல்லூரி நலிந்ததற்கு மருந்து சிறு கல்லூரிக்கும் துணை செய்தலேயன்றி, எல்லோரையும் பழைய இன்மைக்கே திருப்புதல் அன்று.

“பெண்கள் ஆட்டத்தைப் பார்ப்பாரில்லை, ஆதலின் செலவிடுதல் வீண்” என்பது மற்றொரு தடை. 1975 பிப்ரவரியில் நியூயார்க்கு நகரத்து மாடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கில் முதன்முதலாகப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் நடந்தது. இம்மாகுலாட்டாவும் குயீன்ஸ் கல்லூரியும் ஆடிய அதனைக் காண ஏறத்தாழ 12,000 பேர் திரண்டனர். 2024-ல் தென் கரோலினாவும் அயோவாவும் ஆடிய பெண்கள் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டோர் 1 கோடியே 80 லட்சத்திற்கும் மிகுதி. அவ்வாண்டு ஆண்கள் இறுதியாட்டத்தைக் கண்டோர் 1 கோடியே 50 லட்சத்தை எட்டவில்லை. இத்துணைக்கும் மூன்றாண்டுகளுக்கு முன், 2021-ல் நடந்த தேசியப் போட்டியில், ஆண்களுக்கு விரிந்த உடற்பயிற்சிக் கூடம் அமைத்தவர்களே பெண்களுக்குச் சில கைப்பளுக்கள் அடுக்கிய சிறு தாங்கி ஒன்றை வைத்தனர். ஆட்டக்காரி ஒருவர் அதனைப் படமெடுத்து உலகறியச் செய்த பின்னரே குறை நீக்கப்பட்டது. பார்ப்பார் இல்லாமையால் பொருள் இல்லையா, பொருள் இடாமையால் பார்ப்பார் குறைந்தனரா என்னும் வினாவிற்கு இவ்வாண்டுகளின் செய்திகளே விடை கூறும்.

ஆகவே, இம்மாகுலாட்டாவின் அப்பருவத்தைப் புகழுங்கால் இரண்டையும் சேர்த்தே நினைத்தல் நம் கடமை. 24 ஆட்டங்களில் வென்ற திறமையை வியப்போம். அத்திறமையைக் கம்பளி அங்கியிலும் மலிவுச் சீட்டிலும் அலையவிட்ட காலத்தை வியவாதிருப்போம். எக்கல்லூரியாயினும், தன் பெண்கள் குழு கோப்பையோடு திரும்பும்போது மாலையிடுதலோடு அமையாது, இடமின்றியோ பொருளின்றியோ எத்துணைபேர் இங்கேயே தங்கினர் என்றும் கேட்டல் வேண்டும். ஆடுகளத்தின் நேரத்தைப் பகிர்ந்தளிக்கும் ஆசிரியர்களும், செலவுத் திட்டம் வகுப்போரும், நன்கொடை அளிக்கும் பழைய மாணவரும் இக்கேள்வியை ஆண்டுதோறும் கேட்பாராக. ஆண்டு மலரில் விளையாட்டு அறிக்கை எழுதும் மாணவரும் வெற்றி தோல்விகளின் எண்களுக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்ப்பாராக: விரும்பியும் ஆட இயலாதிருந்தோர் இத்துணைபேர் என்று. அவ்வெண் ஆண்டுக்கு ஆண்டு குறையுமாயின், கோப்பை வாராத ஆண்டும் நமக்கு நல்லாண்டே.