படம் எப்படி இருக்கிறது?

கொல்லிமலையில் ஒரு பாவை இருந்ததாகச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள்.

பூதம் செய்து வைத்த பாவை அது. காற்று அடித்தாலும், இடி இடித்தாலும், பூமியே அதிர்ந்தாலும் அதன் அழகு குலையாதாம். அந்தப் பாவை சிரிக்கும் என்றும், சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனவர் உயிரோடு திரும்பமாட்டார் என்றும் கதை உண்டு.

அங்கே, பார்த்தவனைப் பாவை கொன்றது. இந்தக் காலத்தில் நடப்பதோ தலைகீழ். படத்தை, பார்த்தவன் கொன்றுவிடுகிறான்!

எப்படி?

காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அங்கே ஒரு சிற்றூரில், பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் படம் வரைவதில் ஆசை. சாமைக் காட்டில் மேயும் மாடு ஒன்றை வரைகிறாள். இரண்டு நாள் பாடுபட்டு வண்ணமும் தீட்டிவிட்டாள்.

முற்றத்தில் அப்பா மிளகு காயவைத்துக்கொண்டு இருக்கிறார்.

"அப்பா, படம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு கண்ணு" என்கிறார் அப்பா. அவர் கண் மிளகில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் வருகிறான். படத்தை வாங்கிப் பார்க்கிறான். "இது மாடா? நாய் மாதிரி அல்லவா இருக்கு!" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அவ்வளவுதான். படம் டிரங்குப் பெட்டியின் அடியில் போய்விடுகிறது. அடுத்த மாதம் வண்ணப் பெட்டியும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

அப்பா கெட்டவரா? இல்லை. அண்ணன் பொல்லாதவனா? அவனும் இல்லை. ஆனால், இரண்டு பேருமே அந்தப் பெண்ணுக்கு உதவவில்லை. அண்ணனாவது ஏதோ தப்பு இருக்கிறது என்று சொன்னான். எங்கே என்று சொல்லவில்லை. கழுத்து நீளமா? கொம்பு சிறுத்துவிட்டதா? அதைச் சொல்லியிருந்தால் அவள் அழித்துவிட்டு மறுபடி வரைந்திருப்பாள்.

இப்போது கைப்பேசி வந்துவிட்டது. படத்தைப் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினால், கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை திரும்பி வருகிறது. அப்பாவின் "நல்லா இருக்கு கண்ணு"தான் அது. மிளகு மட்டும்தான் இல்லை!

செருப்புத் தைப்பவர் சொன்ன குறை

படத்தைப் பிறருக்குக் காட்டிக் குறை கேட்பது புதிய வழக்கம் அல்ல. 2,300 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதைச் செய்தார்.

அவர் பெயர் அப்பெல்லீஸ். கிரேக்க நாட்டு ஓவியர். மாவீரன் அலெக்சாந்தரையே படமாக எழுதியவர். அவரைப் பற்றி ரோமாபுரி ஆசிரியர் பிளினி ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார்.

அப்பெல்லீஸ் ஒரு படத்தை எழுதி முடித்ததும், வீதியில் போகிறவர்கள் பார்க்கும்படி வைப்பார். பிறகு அந்தப் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். முகத்துக்கு நேரே சொல்லாததை, முதுகுக்குப் பின்னால் மனிதர்கள் சொல்லுவார்கள் அல்லவா?

ஒரு நாள் செருப்புத் தைப்பவர் ஒருவர் வந்தார். "செருப்பில் ஒரு வார் குறைகிறதே" என்றார். அப்பெல்லீஸ் அன்றே அதைத் திருத்திவிட்டார்.

மறுநாள் அதே மனிதர் வந்தார். தம் பேச்சுக்கு மதிப்பு இருந்ததைக் கண்டதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "காலும் சரியில்லை" என்று தொடங்கினார். அப்பெல்லீஸ் வெளியே வந்தார். "செருப்புக்கு மேலே போகவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்!

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் செருப்புத் தைப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அது சரியல்ல. அலெக்சாந்தரின் ஓவியருக்கே தெரியாத தப்பைக் கண்டுபிடித்தவர் அவர்தான்! யாரிடம் எதைக் கேட்பது என்பதுதான் கதையில் இருக்கும் விஷயம்.

கொல்லிமலையில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மிளகுக் கொடியை வரைந்தால், கொடி மரத்தை எப்படிப் பற்றி ஏறுகிறது, சரம் எப்படித் தொங்குகிறது என்று மிளகு போட்டவரைக் கேட்கலாம். சாமைக் கதிர் தலை சாய்ந்து நிற்கும். கேழ்வரகுக் கதிர் விரலை மடக்கினாற்போல் இருக்கும். பட்டணத்து ஓவியர் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையில் பாட்டிக்குக்கூடத் தெரியும். பாட்டியிடம் "படம் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார். "பாட்டி, இது சாமையா, கேழ்வரகா?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்!

நாமக்கல் சிறுவன்

மலையின் அடிவாரத்து ஊர்க் கதை ஒன்று உண்டு.

1919-ல் நாமக்கல்லில் பிறந்தவர் சீனிவாசன். பள்ளிப் பாடத்தைவிடப் படம் போடுவதில்தான் அவருக்கு மோகம். அந்தப் பையனின் படங்கள், அதே ஊரில் இருந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் கண்ணில் பட்டன.

கவிஞர் என்றுதான் நாட்டுக்கு அவரைத் தெரியும். 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்துக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். 1949-ல் அரசவைக் கவிஞர் ஆனவர். ஆனால், அதற்கெல்லாம் முன்னால் ஓவியம் எழுதிப் பிழைத்தவர் அவர். கோடு எது, கிறுக்கல் எது என்று தெரிந்த கண் அது.

அந்தக் கண் பையனின் கையில் இருந்த வித்தையைக் கண்டுகொண்டது. சென்னை ஓவியப் பள்ளிக்குப் போய்ப் படி என்று கவிஞர் சொன்னார்.

1850-ல் தொடங்கிய பள்ளி அது. அப்போது அதன் தலைவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். அவரிடம் படித்து வெளியே வந்த சீனிவாசனுக்கு, "ஆனந்த விகட"னில் ஓவியர் மாலி ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயர், சில்பி!

கோவில் கோவிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து, "தென்னாட்டுச் செல்வங்கள்" என்று அவர் வரைந்து குவித்த படங்களைத் தாத்தாக்கள் வெட்டி ஒட்டி வைத்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். கவிஞர் மற்றவர் படத்தைப் பார்த்துச் சொன்னதுபோலவே, அவர் பாட்டைக் கேட்டுச் சொன்னவரும் ஒருவர் உண்டு. செட்டிநாட்டில் பாரதியைச் சந்தித்தபோது, ஓவியர் என்று அவரை அறிமுகம் செய்தார்கள். அவர் பாட்டைக் கேட்ட பாரதி, "பலே பாண்டியா!" என்று பாராட்டினார். பாரதி சொன்ன "பலே"யும், போகிற போக்கில் சொல்லும் "பலே"யும் ஒன்று ஆகுமா?

அண்ணனுக்கு வந்த கடிதமும் தம்பிக்குப் போன கடிதமும்

ஹாலந்து நாட்டில் வான்கா என்று ஒருவர் இருந்தார். ஓவியராவது என்று அவர் முடிவு செய்தபோது வயது 27. பாரிஸ் நகரில் ஓவியக் கடையில் இருந்த தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதுவார். கடிதத்துக்குள்ளேயே படமும் போட்டு அனுப்புவார். தம்பிக்கு எழுதிய கடிதங்களில் 600-க்கு மேல் இன்றும் இருக்கின்றன.

தம்பி பணமும் அனுப்பினார், குறையும் சொன்னார். "உன் படங்கள் மிகவும் இருட்டாக இருக்கின்றன" என்பது தம்பியின் கருத்து. அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. 1886-ல் பாரிசுக்கு வந்து, புதிய ஓவியர்களின் படங்களைத் தம் கண்ணால் பார்த்த பிறகே அவர் படங்களில் வெளிச்சம் பிறந்தது.

அதே வான்காவுக்கு ராப்பார்டு என்று ஓவிய நண்பர் ஒருவர். உருளைக்கிழங்கு தின்னும் ஏழைக் குடும்பம் ஒன்றை 1885-ல் வான்கா வரைந்து அனுப்பினார். நண்பர் கடுமையாக எழுதிவிட்டார். உடம்பு சரியில்லை, கை சரியில்லை என்று அடுக்கினார். கடிதத்தை வான்கா திருப்பி அனுப்பிவிட்டார். ஐந்து ஆண்டு நட்பு அதோடு முறிந்தது.

ராப்பார்டு சொன்ன குறைகளில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், தம்பி சொன்னபோது அண்ணன் கோபித்துக்கொண்டும் கடிதத்தை நிறுத்தவில்லை. நண்பர் சொன்னபோது நட்பே போயிற்று. சொன்ன விதம் வேறு. அந்தப் படம் இன்று ஆம்ஸ்டர்டாம் நகரில் வான்கா காட்சிசாலையில் மாட்டியிருக்கிறது. உலகம் முழுவதும் இருந்து வந்து பார்க்கிறார்கள்.

பொழுதுபோக்குக்கு வரைகிறவர்களிடம் எதற்குக் குறை சொல்லவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தன் சந்தோஷத்துக்கு வரைந்து, தன் சுவரிலே மாட்டிக்கொள்பவரிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். ஆனால், "எப்படி இருக்கிறது?" என்று ஒருவர் படத்தை நீட்டினால், அவர் கேட்பது பதில். அதற்குப் பொய் சொல்வது மரியாதை ஆகாது.

கேட்பவருக்கும் ஒரு வார்த்தை. படத்தை நீட்டுமுன் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். இது இத்தாலி ஓவியர் லியானார்டோ டாவின்சி சொன்ன யோசனை. இடம் வலமாகத் தெரியும்போது, நேரே பார்த்துப் பழகிப்போன தப்பு பளிச்சென்று தெரியும். காசு செலவில்லாத வாத்தியார்! அப்புறம், "படம் எப்படி?" என்று கேட்காமல், "மாட்டின் கால் தரையில் ஊன்றி நிற்கிறதா?" என்று கேளுங்கள்.

பள்ளிக்கூடங்களுக்கு ஓவியம், தையல், உடற்பயிற்சி முதலியவற்றைச் சொல்லித்தர 2012-ல் தமிழக அரசு 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. நல்ல காரியம். ஆனால், வாரத்தில் மூன்று அரை நாள் வரும் ஆசிரியர், எத்தனை பிள்ளைகளின் மாட்டைப் பார்த்துக் காலைத் திருத்த முடியும்?

ஆடி மாதத்தில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி வைக்கிறார்கள். மலை ஊர்கள் எல்லாம் திரண்டு வருகின்றன. அங்கே ஒரு சின்னப் பந்தல் போட்டால் என்ன? மலைப் பிள்ளைகளின் படங்களைக் கயிற்றில் மாட்டலாம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று ஒன்றும் வேண்டாம். ஓர் ஓவிய ஆசிரியர் உட்காரட்டும். பக்கத்தில் மிளகு போட்ட பெரியவர் ஒருவர், மாடு மேய்த்தவர் ஒருவர், சாமை அறுத்த பாட்டி ஒருவர் உட்காரட்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு துண்டுக் காகிதம். நன்றாக வந்த இடம் ஒன்று, திருத்தவேண்டிய இடம் ஒன்று, அவ்வளவுதான் எழுதவேண்டும். எழுதத் தெரியாத பாட்டிக்கு, பேரன் எழுதிக்கொடுப்பான்.