55 வினாடி எழுந்து நிற்கிறோம்... அடுத்து வரும் ஆட்சிக்கவிழ்ப்புக் கதை தெரியுமா?

அரசு விழாவோ, கல்லூரி விழாவோ, தமிழ்த்தாய் வாழ்த்து ஒலித்தால் 55 வினாடி எழுந்து நிற்கிறோம். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனா, அது தனிப்பாட்டு இல்லை. 1891-ல் வெளியான பெ.சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தின் தொடக்கத்தில் வரும் வாழ்த்து. அது முடிந்ததும் தொடங்குவது, ஒரு ராஜாவை அவருடைய மந்திரியே கவிழ்க்கப் பார்க்கும் கதை. நடக்கும் இடம்? நம்ம திருநெல்வேலி!

கதை என்ன?

பாண்டிய மன்னன் ஜீவகன் நல்லவன். ஆனா, புகழ்ச்சிக்கு மயங்குபவன். அமைச்சர் குடிலன் பேச்சைக் கேட்டு, மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் புதுக்கோட்டை கட்டிக் குடியேறுகிறான். குடிலனின் கணக்கே வேறு. மகன் பலதேவனுக்கு இளவரசி மனோன்மணியைக் கட்டிவைக்கணும், அரியணையைப் பிடிக்கணும்.

குலகுரு சுந்தர முனிவரோ, சேர மன்னன் புருடோத்தமனை மாப்பிள்ளையாகச் சொல்கிறார். சேர நாட்டுக்குத் தூது போனது யார்? அதே பலதேவன்! கல்யாணப் பேச்சு போரில் முடிகிறது. பாண்டியன் தோற்கிறான். அப்போதும் ஜீவகனுக்குக் குடிலன் மேல் சந்தேகம் வரவில்லை. பழி விழுவது, விசுவாசமாக இருந்த நாராயணன் மேல்.

ஆபத்துக்கு உதவ முனிவர் ரகசியமாக அமைத்த சுரங்கவழியைக் குடிலன் கண்டுபிடிக்கிறான். நேராக எதிரி முகாமுக்குப் போய் பேரம் பேசுகிறான். புருடோத்தமன் மயங்கவில்லை. அவனுக்கு விலங்கு மாட்டி, அவனையே வழிகாட்ட வைத்துக் கோட்டைக்குள் வருகிறான். ஜீவகன் இத்தனை நாள் அடையாளம் காணாத துரோகியை, எதிரி ஒரே சந்திப்பில் அடையாளம் கண்டுவிடுகிறான்.

இது நிஜ வரலாறா?

இல்லை. ஜீவகன் கற்பனைப் பாத்திரம். கதையின் கரு, லிட்டன் பிரபுவின் 'ரகசிய வழி' என்ற ஆங்கிலக் கவிதையில் இருந்து வந்தது. ஆனா, மதுரையை இழந்த பிற்காலப் பாண்டியர்கள் தென்காசிப் பக்கம் வந்து ஆண்டது வரலாறு. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர்; திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைக் கல்வெட்டுகள் வழியாக ஆராய்ந்தவர். அரசுகள் எப்படிச் சரியும் என்பது அவருக்குப் புதிதல்ல.

இன்று ஏன் பேசணும்?

ஜீவகனின் கோட்டையில் குறை இல்லை. குறை, அவன் காதில். எதைச் சொன்னாலும் "சூப்பர் சார்" என்பவரைப் பக்கத்திலும், "இது சரிவராது" என்பவரைத் தூரத்திலும் வைக்கும் மேனேஜரை யாருக்குத்தான் தெரியாது? கட்சி, கம்பெனி, குடும்பம்... எங்கேயும் இதே கதைதான்.

அப்படிப்பட்ட நாடகத்துக்கு நாம் கொடுத்திருப்பது மரியாதை மட்டுமே. வாழ்த்துக்கு எழுந்து நிற்கிறோம். 1990-ல் நெல்லையில் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு 'மனோன்மணியம் சுந்தரனார்' என்று பெயர் வைத்திருக்கிறோம். நாடகத்தைப் படிக்கத்தான் ஆளைக் காணோம். செய்யுள் நடை கஷ்டம் என்பது உண்மைதான். அதற்கு வழி, சுருக்கி, நெல்லைப் பேச்சுத்தமிழில் மேடையேற்றுவது. ஆசிரியர் மறைந்தது 1897-ல். காப்புரிமைச் சிக்கலும் கிடையாது.

பாளையங்கோட்டையின் ஏதாவது ஒரு கல்லூரி மேடையில், ஒன்றரை மணி நேர நாடகமாக இதைத் தொடங்கலாம். வாழ்த்துக்கு எழுந்து நின்றவர்கள், அதன்பிறகு உட்கார்ந்து கதையையும் பார்க்கட்டும்.