ஆய்வு எல்லைக்கு அப்பால்

எனது முதுமாணி ஆய்வேட்டுக்கான வாய்மொழிப் பரீட்சை ஐம்பது நிமிடங்கள் நீடித்தது. மேசைக்கு அப்பால் மூன்று பரீட்சகர்கள். அவர்கள் கேட்டவற்றுள் ஒரேயொரு கேள்விக்கு நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை எனக்குக் கற்றுத் தந்தவர்கள் எம்மவர்கள். எனவேதான் அதை எம்மவர்களின் சஞ்சிகையிலேயே எழுத வேண்டியிருக்கிறது.

அரசறிவியலில் நான் எடுத்துக்கொண்ட பொருள், வடபுல முஸ்லிம்களின் வாக்குரிமையும் அரசியற் பிரதிநிதித்துவமும். 1990 ஒக்டோபரில் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். பெருந்தொகையானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். வாழ்க்கை ஒரு மாவட்டத்தில், வாக்கு இன்னொரு மாவட்டத்தில் என்றானது. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றவர்களின் பஸ்கள் தந்திரிமலையில் துப்பாக்கிச் சூட்டுக்கும் கல்வீச்சுக்கும் இலக்காகின. இருபத்தொன்பது வருடங்கள் கழிந்தும் ஒருவர் வாக்களிப்பதற்கு மாவட்டம் தாண்டிப் பஸ் ஏற வேண்டியிருந்தது ஏன்? இதுவே எனது ஆய்வு வினா.

முதற் பரீட்சகர் கேட்டார்: "இது ஆய்வா, முறைப்பாடா? நீங்களும் வெளியேற்றப்பட்டவர்தானே?" ஆம், அப்போது எனக்கு வயது ஏழு. ஆனால் இக்கேள்வி எல்லாரிடமும் கேட்கப்படுவதில்லை. 1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று அரச ஆசியக் கழகத்தில் கட்டுரை படித்தபோது, அவரும் சட்டசபையில் அமர்ந்திருந்த ஓர் அரசியல்வாதிதான். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற விவகாரம் சூடாயிருந்த காலம் அது. 1889இல் அந்த ஆசனம் வழங்கப்பட்டது. இராமநாதனின் கட்டுரை ஆராய்ச்சி என்றே அறியப்பட்டது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு எழுதிய மறுப்போ சமூகத்தவர் ஒருவரின் எதிர்வினை என்றே பார்க்கப்பட்டது. சார்பு இருவருக்கும் இருந்தது. கேள்வி ஒருவரிடம் மட்டுமே கேட்கப்பட்டது.

இரண்டாமவர் ஆவணம் கேட்டார். நான் நேர்கண்ட 31 பேரில் பெரும்பாலானோரிடம் 1990க்கு முந்திய கடதாசி ஒன்றும் இருக்கவில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் போயிற்று. ஆலங்குடாவில் ஒரு மூதாட்டி தகரப்பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டிய மிகப் பழைய ஆவணம், முகாமிற் கொடுத்த நிவாரண அட்டைதான். கடதாசியைப் பறித்து அனுப்பப்பட்டவர்களிடம் கடதாசி கேட்பதானால், பறித்தவன் வைத்திருக்கும் கடதாசியே வரலாறாகிவிடும் என்று சொன்னேன். அத்தோடு நிற்கவில்லை. 31 வாக்குமூலங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்ட அட்டவணையைக் காட்டினேன். எந்த ஒழுங்கையில் ஒலிபெருக்கி வந்தது, எந்த வக்துக்குப் பின்னர், எந்தச் சந்தியில் பெண்களின் காதணிகள் கழற்றப்பட்டன என்பவற்றில் ஒருவரையொருவர் அறியாதவர்களும் ஒத்துச் சொன்ன இடங்கள் அதிலிருந்தன. முரண்பட்ட இடங்களும் இருந்தன. வாக்குமூலங்களைப் பின்னிணைப்புக்கு மாற்றும்படி அவர் சொன்னார். நான் மறுத்தேன். அவை உரிய அத்தியாயத்திலேயே இருக்கின்றன.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டுச் சில வாசகர்கள் மகிழ்ந்திருக்கக்கூடும். அவர்களுக்கு உவப்பில்லாத பகுதி இனித்தான் வருகிறது.

அதுவரை பேசாதிருந்த மூன்றாம் பரீட்சகர் மெதுவாகக் கேட்டார்: "இத்தனை வருடங்கள் இன்னொரு சமூகத்தின் மண்ணில் வாழ்ந்திருக்கிறார்கள். உள்ளூர் முஸ்லிம்களுக்கும் இவர்களுக்கும் இடையில் ஒன்றுமே நடக்கவில்லையா? முகாமுக்குள் அதிகாரம் யாரிடம் இருந்தது? ஆய்வேட்டில் ஒரு வரியையும் காணவில்லையே."

"அது எனது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது" என்றேன்.

அதுதான் பொய். அந்த விடயத்தில் நாற்பத்திரண்டு பக்க அத்தியாயமொன்றை எழுதியிருந்தேன். சமர்ப்பிப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் அதை நானே எடுத்துவிட்டேன்.

என்ன இருந்தது அதில்? புத்தளத்து மக்கள் 1990இல் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டதும், உலை வைத்துச் சோறு போட்டதும் இருந்தன. பின்னர் கற்பிட்டித் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் முகாமார் குறைந்த கூலிக்கு இறங்கியபோது உள்ளூர்க் கூலியாளின் அடுப்பு எரியாமற்போனதும் இருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்ட இடங்களை அகதிப் பிள்ளைகள் எடுக்கிறார்கள் என்ற புகைச்சல், 'அகதி' என்ற சொல் வகுப்பறையில் வசைச் சொல்லானது, நிவாரணப் பட்டியலிற் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் சிலர் கைக்குள் போனது, அதே கைகள் தேர்தல் காலத்தில் வாக்குகளை எண்ணிக் கொடுத்தது, இவையெல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அரசறிவியல் மாணவி ஒருத்திக்கு அந்த அத்தியாயமே ஆய்வின் முதுகெலும்பு. பிரதிநிதித்துவத்தைப் பற்றிப் பேசிவிட்டு, அந்தப் பிரதிநிதித்துவம் எப்படி விலைபோனது என்பதைப் பேசாதுவிட்டால் எஞ்சுவது முறைப்பாடுதான். முதற் பரீட்சகர் சொன்னதில் அந்தளவுக்கு நியாயம் உண்டு.

எடுக்கச் சொன்னவர் கெட்டவரல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர். எனது நேர்காணல்களிற் பாதிக்கு என்னைக் கையோடு கூட்டிச் சென்றவர். அத்தியாயத்தை வாசித்துவிட்டு நெடுநேரம் பேசாமலிருந்தார். "இதில பொய் ஒண்டும் இல்ல மகள். ஆனா நாளைக்கு இத வச்சுத்தான் எங்களத் திரும்பவும் வெளியேத்துவாங்க. எடுத்துவிடுங்க" என்றார். எனக்குத் தெரிந்த வேறு இருவரும் அதையே சொன்னார்கள்; அவர்களுள் ஒருவர் எழுத்தாளர். 'சமூகத்தின் அழுக்கைச் சந்தியில் துவைக்காதே' என்றார் அவர்.

இந்த வாதத்துக்கு அன்று என்னிடம் பதிலில்லை. இப்போது இரண்டு பதில்கள் இருக்கின்றன.

முதலாவது, எம்மை வெறுப்பவன் எமது ஆய்வேட்டை எதிர்பார்த்து நிற்பதில்லை. 2019 மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கியவர்கள் எந்த அடிக்குறிப்பைப் படித்துவிட்டு வந்தார்கள்? கொவிட் மையித்துகளை அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டியிருந்தபோதும், 2020 முதல் 2021 பெப்ரவரி வரை அவற்றை எரித்த அரசுக்கு எந்த முஸ்லிமின் சுயவிமர்சனம் சான்றாய்த் தேவைப்பட்டது? எமது மௌனம் எம்மைக் காப்பாற்றவில்லை. அது காப்பாற்றியது பட்டியல் எழுதிய கைகளை மட்டுமே.

இரண்டாவது பதில் கசப்பானது. வெளியேற்றம் நிகழ்ந்தபோது தமிழ்ப் புத்திஜீவிகளிற் பெரும்பாலானோர் வாய் திறக்கவில்லை என்று கடந்த மூன்று தசாப்தங்களாக நாம் எழுதி வருகிறோம். இந்தச் சஞ்சிகை உலகத்தில் அதை எழுதாத முஸ்லிம் எழுத்தாளர் அரிது. அது நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் அன்று மௌனமாயிருந்தோர் சொன்ன காரணம் என்ன? 'இப்போது பேசினால் எதிரிக்கு வாய்ப்பாகிவிடும், போராட்டம் பலவீனப்படும்.' எனது நாற்பத்திரண்டு பக்கங்களை எடுக்க வைத்ததும் இதே வசனம்தானே? பிறர் வாயிற் கேட்டபோது அதைக் கோழைத்தனம் என்றோம். எம்மவர் வாயிற் கேட்டபோது சமூகப் பொறுப்பு என்கிறோம்.

மறுபக்கத்தில் மௌனம் கலைத்தவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து 'முறிந்த பனை'யை எழுதினார்கள். அரசையும் இந்தியப் படையையும் விமர்சித்த அதே கையால் தமது பக்கத்து இயக்கங்களையும் விமர்சித்தார்கள். நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் எனக்கு நேரக்கூடியது என்ன? ஒரு பெரியவரின் மனவருத்தம், இரண்டு மூன்று ஸலாம்களின் இழப்பு. இதற்குப் பயந்துதான் நான் 'எல்லை' என்ற நல்ல சொல்லுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

அப்துல் அஸீஸிடமிருந்து நாம் பெற்றுக்கொண்டதும் பாதிதான் என்று இப்போது எண்ணுகிறேன். வெளியிலிருந்து எம்மை வரையறுக்க வந்தவருக்கு மறுப்பு எழுதும் துணிவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். ஆனால் அறபு வழித்தோன்றலை முன்னிறுத்திய அந்த மறுப்பு, காலத்தின் தேவையால், ஒரு காவலாளியின் எழுத்தாக அமைந்தது. அந்தத் தேவை கழிந்து ஒரு நூற்றாண்டாகிவிட்டது. இன்னமும் எமது ஆய்வுகள் வாசலில் நின்று வெளியே மட்டும் பார்க்கின்றன, வீட்டுக்குள் திரும்புவதில்லை. எமது கவிதைகளிலும் கதைகளிலும் பலவற்றின் நிலை இதுதான். முகாமைப் பற்றி எத்தனையோ கண்ணீர்க் கவிதைகள் உண்டு. முகாமில் யார் யாருடைய மாவைத் திருடினார் என்ற கதை எத்தனை?

எனது ஆய்வேடு சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, இரவல் வழங்கப்படாத பகுதியில், நூலக அலுமாரியில் இருக்கிறது. என்னோடு பேசிய 31 பேரில் அதை வாசிக்கக்கூடியவர்கள் மூவர் மட்டுமே. அதனால் எடுத்த அத்தியாயத்தை இப்போது தமிழில் எழுதி வருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய பெயர்களை மாற்றுகிறேன். சம்பவம் ஒன்றையும் மாற்றவில்லை. எழுதி முடிந்ததும் முதலில் அந்த ஆசிரியரின் வீட்டுக்குப் போய் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். பிழையென்று அவர் காட்டுவதைத் திருத்துவேன். வேண்டாமென்று சொல்வதை எடுக்கமாட்டேன். பிறகு புத்தளத்து உப்பளத் தொழிலாளர்களிடமும் ஆலங்குடா மூதாட்டியிடமும் வாசிப்பேன். வாய்மொழிப் பரீட்சை என்பது அங்கேதான் நடக்க வேண்டும்.

அதன் பின்னர் இதே சஞ்சிகைக்கு அனுப்பிவைப்பேன். ஆசிரியர் குழு பிரசுரிக்கலாம், பிரசுரிக்காமலும் விடலாம். பிரசுரிக்காவிட்டால் காரணத்தை மட்டும் எழுத்தில் தாருங்கள். 'ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது' என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும்.