எல்லைக்கல்லும் அரைப்பேரும்

கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்து என்று ஒரு பக்கமும், எல்லை பிரிக்காமல் தரமுயர்த்தாதே என்று மறுபக்கமும் குரல் எழும்போதெல்லாம் அங்கத்தவர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: சங்கம் எந்தப் பக்கம்? தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரிப்பவரும் கேட்கிறார், மலையிலிருந்து கடிதம் எழுதும் தோழரும் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டிய நேரம் இது.

திருக்கோவிலில் பஸ் ஏறினால் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக வந்து கல்முனையில் இறங்கலாம். எந்த ஊர் எங்கே முடிகிறது என்று வெளியூரான் கண்டுபிடிக்க மாட்டான். புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்த வீதியைப் பார்த்துத்தான். ஆனால் புட்டுக்கு ஒரு கச்சேரி, தேங்காய்ப்பூவுக்கு ஒரு கச்சேரி என்று வந்தபோது கதை மாறிவிட்டது.

வடக்கு உப செயலகம் 1989 இல் தொடங்கியது. 29 கிராம சேவகர் பிரிவுகள் அதன் கீழ். 1993 இல் அமைச்சரவை அதைத் தரமுயர்த்த முடிவெடுத்தது. முப்பது வருடம் தாண்டியும் அந்த முடிவு காகிதத்திலேயே கிடக்கிறது. நிதி அதிகாரம், காணி அதிகாரம் இல்லாமல் ஓர் அலுவலகம் இத்தனை காலம் 'உப' என்ற பட்டத்தோடு இருப்பது நியாயமில்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். 2019 ஜூனில் அங்கே உண்ணாவிரதம் இருந்தார்கள். பக்கத்திலேயே முஸ்லிம் மக்கள் எதிர்ச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து இரண்டு மாதமே ஆன நேரம். வெளியிலிருந்து வந்தவர்கள் சிலர் இரண்டு பந்தலுக்கும் நடுவில் தங்கள் கணக்கைப் பார்த்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

முஸ்லிம் பக்கத்துப் பயமும் கற்பனை அல்ல. தங்கள் வியாபாரத்துக்கும் அரசியலுக்கும் தலைநகரான கல்முனை பசார், எல்லை பேசாமலே கைமாறிவிடும் என்பது அவர்கள் கவலை. இது தமிழர் முஸ்லிம் சண்டை மட்டும் என்று நினைப்பவர்கள் சாய்ந்தமருதைப் பார்க்கட்டும். அங்கே கோரிக்கை வைத்தவர்களும் முஸ்லிம்கள், எதிர்த்தவர்களில் பெரும்பாலோரும் பக்கத்து ஊர் முஸ்லிம்கள். 2020 பெப்ரவரியில் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது. பட்டாசு கொளுத்திய புகை அடங்குமுன் அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது.

இதில் தோட்டத் தொழிலாளிக்கு என்ன என்று கேட்கலாம். இருக்கிறது. 1987 க்கு முன் தனித்தனியாக இருந்த நான்கு சபைகளைத் திரும்பக் கொடு என்பதுதான் கல்முனையில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அதே 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம்தான் மலையகத்தில் லயங்களை வெளியே தள்ளியது. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்குப் போடலாம். ஆனால் தோட்டத்துக்குள் ஒரு பாதை போட, ஒரு விளக்கு மாட்டச் சபைப் பணத்தைச் செலவிட அதன் 33 ஆம் பிரிவு தடையாக நின்றது. 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே வருடத் தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகள் ஆறாகப் பிரிந்தன. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு ஒரு சபை என்ற அநியாயம் அதற்கு முன் இருந்தது. கோட்டைச் சரியாகப் போட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது ஒரு உதாரணம்.

கடலுக்கு அப்பால் நம் உறவுகளுக்கும் இதே கதை நடந்தது. தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தமிழர் பெரும்பான்மை. சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழர்கள் போராடினார்கள். 1954 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மாநில மறுசீரமைப்பு ஆணைக்குழுவோ தோட்டத்து ஆட்களில் ஒரு பகுதியை நிலையாகக் குடியிருப்பவர்களாகவே எண்ணவில்லை. கொழுந்து பறித்தவர்களின் தலையைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டார்கள்! 1956 நவம்பர் 1 இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. இரண்டு மாநிலத்துக்கும் இன்றுவரை முல்லைப் பெரியாறு தண்ணீரில் தகராறு உண்டு. ஆனால் 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் உட்கார்ந்த தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் கேட்டது எல்லையை அல்ல, 20 வீத போனஸை. பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே இரண்டு மொழியும் கலந்து கிடக்கிறது. தொழிற்சங்க ஆண் தலைவர்களைக் கிட்டவும் விடவில்லை (இதை நமது ஆண் தலைவர்களும் வாசிப்பது நல்லது). போனஸை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

போட்டி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இந்தக் கரையில் போட்டிக்குப் பழைய முறை உண்டு. கண்ணகி அம்மனுக்குக் கொம்புமுறி நடக்கும்போது ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். கொம்பைக் கொழுவி இழுப்பார்கள். தோற்ற பக்கத்தை வென்ற பக்கம் பாட்டிலேயே உரித்துவிடும். மறுநாள் வயலுக்கு இரண்டு சேரியும் சேர்ந்து போகும், ஏனென்றால் மச்சான் அந்தப் பக்கம், மைத்துனி இந்தப் பக்கம். கல்முனைக்கும் மருதமுனைக்கும் உதைபந்தாட்டத்தில் வாய்ச்சண்டை வரட்டும். மருதமுனைச் சாரம் தமிழ் வீட்டுக் கொடியில் காயத்தான் செய்யும்.

ஆனால் அலுவலகம் கொம்பு அல்ல. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அஸ்வெசும, காணிப் பத்திரம் எல்லாம் செயலகத்தைத் தொட்டே போகின்றன. ஒரு கையெழுத்துக்காக இரண்டு கந்தோருக்கு அலைந்தால் அரைப்பேர் போய்விடும். அலுவலர் லீவு என்றால் முழுப்பேரும் போகும். பசாரை யார் ஆள்வது என்று பேசுகிறவர்களுக்குச் சம்பளம் வெட்டு விழுவதில்லை.

ஆகவே நமது நிலை இது. வடக்குச் செயலகத்துக்கு நிதி, காணி அதிகாரம் கொடுக்கப்பட வேண்டும். எல்லையை இரண்டு பக்கத்து மக்களையும் உட்காரவைத்து, பசார் வருமானத்தையும் மேசையில் வைத்துப் பேசிப் பிரிக்க வேண்டும். அந்தப் பேச்சு முடியும்வரை, எந்தச் செயலகத்தில் கொடுத்தாலும் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். தமிழ் அங்கத்தவருக்கு ஒன்று, முஸ்லிம் அங்கத்தவருக்கு ஒன்று என்று இரண்டு நிலை நம்மிடம் இல்லை. சந்தாப் புத்தகம் ஒன்றே.

கிளைச் செயலாளர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். கடந்த ஆறு மாதத்தில் கந்தோர் அலைச்சலால் உங்கள் கிளையில் எத்தனை பேர், எத்தனை அரைப்பேர் இழந்தார்கள், என்ன அலுவலுக்காக என்று ஒரு தாளில் எழுதி அடுத்த செயற்குழுவுக்கு முன் அனுப்புங்கள். இரண்டு செயலகங்களிலும் அந்தத் தாள்களை நேரில் கையளிக்கப் போகிறோம்.